ஃபெதர்ஸ்டன்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

"சின்ன ஊர் டீம்களை எல்லாம் சேர்த்து ஒரே பெரிய டீமாக ஆக்கினால் என்ன அண்ணா? செலவும் மிச்சம், ஆட்டமும் நன்றாக இருக்குமே" என்று போனில் கேட்டாய். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். உன் யோசனையை ஒரு ஊரிடம் நிஜமாகவே சொல்லிப் பார்த்தார்கள். அந்த ஊரின் பெயர் ஃபெதர்ஸ்டன்.

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் உள்ள சின்ன ஊர். நிலக்கரிச் சுரங்கத்தால் வளர்ந்தது. 1893-இல் நிலக்கரி விலை சரிந்ததும் முதலாளிகள் கூலியில் 25 சதவீதம் குறைக்கப் பார்த்தார்கள். தொழிலாளர்கள் ஒப்புக்கொள்ளாததால் சுரங்கங்களை இழுத்துப் பூட்டினார்கள். செப்டம்பர் 7 அன்று ஆக்டன் ஹால் சுரங்கத்தில் கூடிய மக்கள் மீது ராணுவம் சுட்டது. ஜேம்ஸ் கிப்ஸ், ஜேம்ஸ் டகன் என்ற இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். விளையாட்டுக் கதையில் இது எதற்கு என்று நீ கேட்கலாம். இந்த ஊர் ஆடுவது ரக்பி லீக், ரக்பியிலிருந்து பிரிந்த ஒரு வகை. அது பிறந்ததே கூலிப் பிரச்சினையில்தான். சனிக்கிழமை ஆடப் போனால் தொழிலாளிக்கு அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டக் காசு கொடுக்கக்கூடாது என்று ரக்பியை ஆண்ட கனவான்கள் பிடிவாதம் பிடித்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடக்கத்தி கிளப்புகள் தனியாகப் பிரிந்தன. பின்னால் அணிக்கு 13 பேர் என்று ஆக்கி, விதிகளையும் மாற்றி, அதைத் தனி ஆட்டமாகவே வளர்த்தெடுத்தார்கள்.

ஊரின் அணியான ஃபெதர்ஸ்டன் ரோவர்ஸ் 1902-இல் தொடங்கியது. பெரிய லீக்கில் இடம் கிடைக்க 1921 வரை ஆனது. சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான் ஆட்டக்காரர்கள். 1959-இல் செயின்ட் ஹெலன்ஸ் அணியோடு நடந்த கோப்பை ஆட்டத்தைப் பார்க்க போஸ்ட் ஆபீஸ் ரோடு மைதானத்துக்கு 17,531 பேர் வந்தார்கள். ஊரின் மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய 15,000தான்!

கோப்பைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள். 1967-இல் லண்டனின் வெம்பிளி மைதானத்தில் பாரோ அணியை 17-12 என்று வென்று, ரக்பி லீக்கின் பெரிய நாக்-அவுட் கோப்பையான சேலஞ்ச் கோப்பையை முதல்முறையாக எடுத்தார்கள். 1973-இல் அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பிராட்ஃபோர்ட் நார்தர்னை 33-14 என்று நொறுக்கினார்கள். அன்று சிரில் கெல்லட் எட்டு முறை பந்தை உதைத்தார், எட்டும் கம்பங்களுக்கு நடுவே போயின. 1976-77-இல் லீக் பட்டமும் வந்தது.

ஆனால் 1983-ஐப் போல எதுவும் இல்லை. அந்த வருடம் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில் எதிரில் நின்றது ஹல். பெரிய துறைமுக நகரம், அந்தப் பருவத்தின் லீக் சாம்பியன். ஃபெதர்ஸ்டனோ கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படாமல் தப்பித்ததே பெரிது என்ற நிலை. யாரும் ஒரு வாய்ப்பும் தரவில்லை. டேவிட் ஹாப்ஸ் இரண்டு ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி) போட்டார். முன்னிலைக்குப் போன ஹல்லைத் துரத்தி வந்து ஃபெதர்ஸ்டன் 12-12 என்று சமன் செய்தது. கடைசி சில நிமிடங்கள் இருக்கும்போது ஃபெதர்ஸ்டனுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஸ்டீவ் க்வின் உதைத்தார். 14-12. நேரம் கிடைக்கும்போது அந்த ஆட்டத்தின் வீடியோவைத் தேடிப் பார். விதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முகங்களைப் பார்த்தாலே போதும்.

அடுத்த மார்ச்சில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒரு வருடம் நீடித்து, தோல்வியில் முடிந்தது. 1985-லேயே ஆக்டன் ஹால் மூடப்பட்டது. 1893-இல் ரத்தம் சிந்திய அதே சுரங்கம். பக்கத்து ஷார்ல்ஸ்டன் சுரங்கமும் 1993-இல் போனது. ஊருக்கு வேலை போயிற்று, தொழிற்சங்கத்தின் பலம் போயிற்று. சனி, ஞாயிறு என்றால் எல்லோரும் கூட ஓர் இடமாக கிளப் இருந்தது.

சரி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். 1995 ஏப்ரலில் சூப்பர் லீக் என்ற புதிய மேல்பிரிவுப் போட்டிக்கான திட்டம் வந்தது. ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக்கின் தொலைக்காட்சிப் பணம், ஐந்து வருடத்துக்கு 8.7 கோடி பவுண்டு. அதோடு ஒரு நிபந்தனை: ஃபெதர்ஸ்டன், காசில்ஃபோர்ட், வேக்ஃபீல்ட் மூன்றும் ஒன்றாகி, "கால்டர்" என்று ஓடும் ஆற்றின் பெயரில் ஒரே அணியாக வேண்டும். காலம் காலமாக ஒருவரை ஒருவர் தோற்கடிப்பதற்காகவே வாரம் முழுக்கக் காத்திருந்த மூன்று ஊர்கள் அவை. மூன்று ஊர்க் கோவில் திருவிழாவையும் நிறுத்திவிட்டு நாலாவது ஊரில் சேர்ந்து தேர் இழுங்கள் என்றால் நம் ஊரில் யார் வடம் பிடிப்பார்கள்? ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். இணைப்புத் திட்டம் கைவிடப்பட்டது.

அதற்கு ஃபெதர்ஸ்டன் கொடுத்த விலை பெரிது. 1996-இல் சூப்பர் லீக் 12 அணிகளோடு தொடங்கியபோது அதில் ஃபெதர்ஸ்டன் இல்லை. பாரிஸ் இருந்தது. ரக்பி லீக்குக்கு அங்கே புதிதாக ஒரு சந்தை உருவாக்கப் போகிறோம் என்றார்கள்.

அப்புறம் 2011-இல் இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில் ஷெஃபீல்டை 40-4 என்று ஃபெதர்ஸ்டன் வென்றது. அப்படியும் மேலே போக முடியவில்லை. அப்போது மேல்பிரிவில் இடம் கிடைப்பது நிர்வாகம் கொடுக்கும் உரிமத்தைப் பொறுத்தது, வெற்றியைப் பொறுத்தது இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. களத்தில் ஜெயித்தவனுக்குக் கதவைத் திறக்காத போட்டியை எப்படிப் போட்டி என்று சொல்வது?

நீ கணக்குப் பார்ப்பவன், பணம் இல்லாமல் கிளப் நடக்காது என்று சொல்வாய். எனக்கும் அது புரிகிறது. ஆனால் உன் கணக்கில், சுரங்கம் போன பிறகும் டிக்கெட் வாங்கி நின்றவர்களுக்கு எந்த வரியில் இடம்? பாரிஸ் அணி இரண்டே பருவத்தில், 1997-ஓடு முடிந்துபோனது. அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பதில் எழுது.

அன்புடன்,
அண்ணன்