ஓர் எழுத்தில் தோற்கும் வழக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

நீதவான் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை வாசித்து முடித்ததும் கேட்கப்படும் கேள்வி: குற்றவாளியா, சுற்றவாளியா? 'குற்றம் செய்யாதவர்' என்று பொருள்படும் 'சுற்றவாளி' என்ற சொல்லைப் பலர் கூண்டில் ஏறிய பிறகுதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் எழுத்து. போக்குவரத்து வழக்குகள் வரிசையாகக் கூப்பிடப்படும் காலை நேரத்து அவசரத்தில், "ஓம் ஐயா, ஆனா..." என்று தொடங்கினால் அந்த 'ஓம்' மட்டும் வழக்கேட்டில் ஏறிவிடக்கூடும். பொலிஸார் எழுதிக் கொடுத்த தண்டப் பத்திரத்தை எதிர்க்க வந்தவர் தண்டம் கட்டிவிட்டுத் திரும்புவது பெரும்பாலும் இப்படித்தான்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, நிபந்தனை எதுவும் இல்லாத ஒப்புதல்தான் குற்ற ஒப்புதல். 'ஆனால்' என்று சொல்ல ஏதாவது இருந்தால் அன்றைக்குச் சொல்ல வேண்டியது "சுற்றவாளி" என்ற ஒரே சொல். மிச்சத்தை விளக்கத் தவணைக்கு, அதாவது சாட்சிகளை விசாரிக்கும் நாளுக்கு, வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்பே சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. தண்டப்பணத்தைத் தபாலகத்தில் கட்டிவிட்டுப் பிறகு வாதாடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கட்டினால் விடயம் அத்தோடு முடிந்துவிடும். பற்றுச்சீட்டைக் காட்டி, பொலிஸார் வாங்கி வைத்த சாரதி அனுமதிப்பத்திரத்தை மீட்கலாம், வழக்காட முடியாது. கட்ட 14 நாள். அதைத் தவறவிட்டால் 28ஆம் நாள் வரை இரட்டிப்பு. அதற்குப் பிறகு நீதிமன்றம். எதிர்ப்பது என்று முடிவெடுத்தவர் கட்டாமல் இருந்து, குறித்த தவணைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் பிடியாணை வரும், ஆயிரம் ரூபாத் தண்டமானாலும். அதற்குப் பதிலாகக் கையில் இருக்கும் தற்காலிக சாரதி அனுமதியின் கடைசித் திகதியையும் பார்த்து வையுங்கள். அது காலாவதியான பிறகு வாகனம் ஓட்டிப் பிடிபட்டால், அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டிய புதிய வழக்கு ஒன்றுக்கும் முகங்கொடுக்க நேரிடும்.

பத்திரம் எழுதப்பட்ட அன்றே செய்ய வேண்டியவை சில. எழுதிய உத்தியோகத்தரின் இலக்கம், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வீதிக் குறியீட்டை மரக்கிளை மறைத்திருந்தாலோ வெள்ளைக் கோடு தேய்ந்து போயிருந்தாலோ, சாரதியின் கண்மட்டத்தில் இருந்து, ஏறத்தாழ 50 மீற்றர், 25 மீற்றர், 10 மீற்றர் தூரங்களில் படம் எடுங்கள். அடுத்த நாள் அதே நேரத்தில் எடுத்தால் வெளிச்சமும் ஒத்துவரும். குறியீட்டின் அடியில் நின்று எடுக்கும் ஒற்றைப் படத்தால் பிரயோசனம் இல்லை. காணொளி இருந்தால் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சட்டத்தை மறக்கக் கூடாது. அதன் கீழ் சமர்ப்பிப்பதானால் விளக்கத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். கூண்டில் நின்றுகொண்டு தொலைபேசியை நீட்டினால் யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்கள்.

வாகன இலக்கத்தில் ஓர் எண் பிழை என்றால் வழக்குத் தள்ளுபடி என்று ஓட்டோத் தரிப்பிடத்தில் சொல்வதை நம்ப வேண்டாம். தீர்ப்புக்கு முன் குற்றச்சாட்டைத் திருத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வேக வழக்கில் பலமான கேள்விகள் வேறு: கருவியை இயக்கியவரும் வாகனத்தை மறித்தவரும் ஒரே ஆளா? இல்லையென்றால் இயக்கியவர் சாட்சிக்கு வந்தாரா? கருவி கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? அளந்தது உங்கள் வாகனத்தையா, பக்கத்தில் முந்திப் போனதையா? நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிப்பது வழக்குத்தொடுநரின் பொறுப்பு.

எல்லாவற்றையும் எதிர்க்கலாம் என்று சொல்ல வரவில்லை. ஹெல்மெட் போடாமல் ஓடியவர் தபாலகத்துக்குப் போவதே புத்தி. நீதிமன்றத்தில் தோற்றால் பத்திரத்தில் எழுதிய தொகையோடு நிற்கும் என்ற உத்தரவாதம் இல்லை. சட்டத்தரணி செலவும் இரண்டு மூன்று நாள் உழைப்பும் வேறு. வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்டுப் பார்க்கலாம். தீர்ப்பு பிழை என்றால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய 14 நாள்தான் இருக்கிறது.

எந்த நீதிமன்றம் என்பதையும் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிடிபட்ட இடத்தைப் பொறுத்து அது மாறும். உப்புவெளியில் இருப்பவர் மூதூரிலோ கந்தளாயிலோ பிடிபட்டால் வழக்கு அந்தப் பக்கம் போகும். கொழும்புக்குப் போகும் வழியில் ஹபரணையில் என்றால் வடமத்திய மாகாணத்துக்கே அலைய வேண்டும். அங்கே நடவடிக்கை சிங்களத்தில் நடக்கும். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பை அரசு செலவில் தருகிறது. புரியாமல் தலையாட்டாமல், "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்" என்று முதல் கேள்விக்கு முன்பே கேளுங்கள்.

வடக்கு கிழக்கில் நிருவாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ். அப்படியிருக்க, திருகோணமலை நகருக்குள் எழுதப்படும் தண்டப் பத்திரத்தில் குற்றம் எது என்பது சிங்களக் கையெழுத்தில் மட்டும் இருந்தால், அதைப் பெற்றவர் கட்டுவதா எதிர்ப்பதா என்று 14 நாளுக்குள் எப்படி முடிவெடுப்பார்? குற்றம், இடம், நீதிமன்றத் திகதி ஆகிய மூன்றையுமாவது தமிழில் எழுத மாவட்டப் பொலிஸ் அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழ் எழுதத் தெரியாத உத்தியோகத்தருக்கு, வழமையான குற்றங்களின் தமிழ்ப் பெயர்கள் அச்சிட்ட ஒரு தாளும் ஓர் இறப்பர் முத்திரையும் கொடுத்தாலே போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்றப் பதிவாளர்,
உப்புவெளி, திருகோணமலை.