புதிய எருசலேம் ஆலயத்தைப் பார்த்துவந்தேன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. இங்கு அனைவரும் நலம். மகளுக்குக் கும்பகோணத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டது.

வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டவன் தரங்கம்பாடியில் ஏன் இறங்கினாய் என்று கேட்டிருந்தாய். புதிய எருசலேம் ஆலயத்துக்காகத்தான். டேனிஷ்காரர்கள் விட்டுப்போன கட்டடம் என்று அதைப் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

டேனிஷ்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது 1701இல் எழுந்த சீயோன் ஆலயம். அதே ராஜ வீதியில், கூப்பிடு தூரத்தில், தமிழ்ச் சபைக்காக ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு எழுப்பியது இது. முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் பெயரெழுத்துச் சின்னமும் அதன்மேல் கிரீடமும் இருக்கின்றன. சின்னம் அரசருடையது, உள்ளே ஒலித்தது நம் மொழி. 1715இல் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாடு, இதே ஊர் அச்சகத்தில் பிறந்தது.

உள்ளே நுழைந்ததும் நேராக நடுப்பகுதிக்குப் போய் நின்றேன். சிலுவை வடிவக் கட்டடம் என்பதால் நாலா பக்கமும் கண் ஓடுகிறது. கனத்த செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான வளைவுச் சன்னல்கள். பீடத்தின் அருகே சீகன்பால்குவின் கல்லறை. 1718 அக்டோபரில் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தவர், அடுத்த பிப்ரவரியில் இறந்துவிட்டார். வயது 36தான். பெயர் பொறித்த அந்தக் கல்லின் முன் வெகுநேரம் நின்றேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாதி வாரியாகத் தனித்தனியே மக்களை உட்காரவைத்த காலமும் இந்தச் சுவர்களுக்குள் கழிந்திருக்கிறது. பெருமையைச் சொல்லிவிட்டு இதை விழுங்க எனக்கு மனம் வரவில்லை. சீகன்பால்கு தொடங்கிய அதே மிஷனில்தான் 1733இல் ஆரோன் என்ற தமிழர் குருவானவராக அபிஷேகம் பெற்றார் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

2004 சுனாமியில் ஆலயம் சேதமடைந்தது. செப்பனிட்டு 2006இல் மறுபடி திறந்தார்கள். ஆனால் கடற்கரையின் உப்புக் காற்று ஓய்வதில்லை. இத்தகைய பழைய சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லே உதிர்ந்துபோகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகி வருவதுதான் என் கவலை. உன் தம்பிக்கு அப்படி யாரையாவது தெரியுமா, கேட்டு எழுது.

பொறையாறில் மிஷனரிகள் காகிதம் செய்த கடுதாசிப்பட்டறைக்குப் போக நேரம் வாய்க்கவில்லை. வெயிலில் நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் தெரிவி. இருவரும் சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
உன் நண்பன்