கோமுவுக்கு, பல்லி சாம்பார் நினைவுகளோடு

கோயம்புத்தூர்
ஞாயிறு, மதியம்

அன்புள்ள கோமு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத அவசியமில்லை. உன் நலம் நேற்று ராத்திரியே தெரிந்துவிட்டது. செல்வி போன் பண்ணினாள். "சித்தி, நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். ஆகவே அவள் சொல்லவில்லை.

முறுக்கு மாவு தேடும்போது அரிசி டின்னுக்குப் பின்னால் நாலு அட்டை மாத்திரை கிடைத்ததாம், ஒன்றுகூடப் பிய்க்காமல். ராத்திரி போடவேண்டிய கொழுப்பு மாத்திரை. சித்திரையோடு நிறுத்திவிட்டாயாம். ஹாஸ்டலில் ஊறுகாய் பாட்டிலைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்து, வார்டன் பிடித்ததும் தங்கபுஷ்பத்தைக் கைகாட்டியவள்தானே நீ. 61 வயதாகியும் உனக்கு ஒளிக்கத் தெரியவில்லை.

ஏழு மாதமாக நான் எழுதாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் உன்னைத் திட்டும் உரிமை போய்விடும்.

நிறுத்தியதற்கு நீ சொன்ன காரணங்களும் வந்து சேர்ந்தன. தொடையும் கெண்டைக்காலும் குடைகிறது, கோயில் படி ஏற முடியவில்லை. நிறுத்திய மூன்றே நாளில் சரியாகிவிட்டது. அப்புறம் ஏதோ ஒரு வீடியோ. வீடியோவை விடு, அதை அனுப்பிய பாலு அண்ணனை நேரில் கவனித்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும்தான் இந்தக் கடிதம்.

உனக்கு வலித்தது நிஜம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த பக்கத்தைப் புரட்டமாட்டாய்.

பல்லி சாம்பார் ஞாபகம் இருக்கிறதா? ராத்திரிச் சாப்பாடு முடிந்து தட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். எஸ்தர் அண்டாவுக்குள் கரண்டியை விட்டுவிட்டு "ஐயோ பல்லி" என்றாள். அடுத்த அரை மணி நேரத்தை நான் எழுதவேண்டியதில்லை. நீ என் பாவாடைமேலேயே எடுத்தாய். கம்பவுண்டர் வந்து கரண்டியைக் கழுவிப் பார்த்தால், கருகிய கத்திரிக்காய்க் காம்பு! உன் வாந்தி பொய்யா? என் பாவாடையைக் கேள். வாந்தி நிஜம், பல்லிதான் இல்லை.

லண்டனில் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் மாத்திரையை வைத்து இதையே செய்துபார்த்தார்கள். சாம்சன் என்று அந்த ஆய்வுக்குப் பெயர், 2020இல் முடிவு வெளிவந்தது. ஸ்டேட்டின் மாத்திரை (நீ ஒளித்துவைத்த கொழுப்பு மாத்திரை வகைதான்) தொடங்கி இரண்டு வாரத்துக்குள்ளேயே உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியவர்கள் 60 பேரைச் சேர்த்தார்கள். ஆளுக்கு 12 பாட்டில். நாலில் அடோர்வாஸ்டேட்டின் 20 மில்லிகிராம், நாலில் பார்க்க அச்சு அசலாக அதேபோல, ஆனால் உள்ளே மருந்தே இல்லாத டம்மி, நாலு பாட்டில் காலி. மாதத்துக்கு ஒன்று, எந்த மாதம் எது என்பது குலுக்கலில். தினமும் உடம்பு எவ்வளவு படுத்துகிறது என்று போனில் நூற்றுக்கு மார்க் போடவேண்டும். காலி பாட்டில் வந்தால் காலி என்று தெரியும். மாத்திரை இருந்தால் அது மருந்தா டம்மியா என்று தெரியாது.

காலி பாட்டில் மாதங்களில் சராசரி 8 மார்க். ஸ்டேட்டின் மாதங்களில் 16.3. உடனே துள்ளாதே. டம்மி மாதங்களில் 15.4.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொரு கணக்கு. தாங்க முடியவில்லை என்று மாதம் முடியுமுன்பே மாத்திரையை நிறுத்தியது எல்லோருமாகச் சேர்ந்து 71 தடவை. அதில் 31 தடவை அவர்கள் விழுங்கிக்கொண்டிருந்தது டம்மி! நிறுத்தியதும் சரியாகிவிட்டது என்கிறாயே, டம்மியை நிறுத்தியவர்களுக்கும் அப்படியேதான் சரியானது. படுத்துவது மாத்திரை விழுங்குகிறோம் என்ற நினைப்புதான், பெரும்பாலும். நோசிபோ என்கிறார்கள் இதை. நம் ஊரில் பல்லி சாம்பார் என்றால் போதும்.

கடைசியில் அவரவர் மார்க்கை வரைபடமாகப் போட்டு அவரவரிடமே காட்டினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 30 பேர், சரிபாதி, மறுபடி மாத்திரை போட ஆரம்பித்திருந்தார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லையாம். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மருந்தால் வலியே வராது என்று நான் சொன்னால் பாலு அண்ணனைவிட மோசமாகிவிடுவேன். 2022இல் 19 ஆய்வுகளை, சுமார் 1,24,000 பேரை ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். முதல் வருடத்தில் ஆயிரம் பேருக்கு 11 பேர் மருந்தால் கூடுதலாக வலி என்றிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. நீ அந்தப் பதினொன்றில் ஒருத்தியாகவே இருக்கலாம். இருந்தால் டோஸைக் குறைப்பார்கள், வேறு மாத்திரை மாற்றுவார்கள், தசைக்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதைப் பார்ப்பார்கள். சிறுநீர் கறுத்துப் போனாலோ உட்கார்ந்த இடத்திலிருந்து எழவே முடியாவிட்டாலோ அன்றைக்கே ஓடவேண்டும். இதெல்லாம் டாக்டர் அறையில் நடக்கவேண்டியது. அரிசி டின்னுக்குப் பின்னால் நடக்காது.

அரிசி டின் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த ஸ்டேட்டின் வகையறாவே அரிசியில் பூத்த பூஞ்சணத்திலிருந்து வந்ததுதான். அகிரா எண்டோ என்ற ஜப்பான்காரர் ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு, கியோத்தோவில் ஒரு கடையிலிருந்து வந்த அரிசியில் அதைப் பிடித்தார். 2024இல்தான் போனார், 90 வயது. சீமைச் சரக்கு என்று பாலு அண்ணன் சொன்னால் நம் சாப்பாட்டுச் சாமான்தான் என்று சொல்.

பலன் என்ன என்று கேட்பாய். 1994இல் வந்த ஓர் ஆய்வில் ஸ்வீடன், நார்வே பக்கத்து ஐந்து நாட்டு ஆட்கள் 4,444 பேர். அந்த நம்பரைப் பார்த்தாலே நம் கணக்கு டீச்சர் சந்தோஷப்பட்டிருப்பார். எல்லோரும் உன் ஜாதி, மாரடைப்போ நெஞ்சுவலியோ ஏற்கெனவே வந்தவர்கள். ஐந்து வருடத்துக்கும் மேல் பார்த்ததில் டம்மி எடுத்த பாதியில் 256 பேர் போனார்கள், மருந்து எடுத்த பாதியில் 182. மிஞ்சிய அந்த 74 பேருக்கும் கால் குடைந்திருக்காது என்றா நினைக்கிறாய்?

அப்புறம் குருப்பெயர்ச்சி வந்தால் உடம்பு நேராகிவிடும் என்று ஜோசியர் சொன்னாராமே. உனக்கென்றே ஒரு கதை வைத்திருக்கிறேன். மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரின் கொடுத்தால் உயிர் பிழைக்கிறார்கள் என்று நிரூபித்த பெரிய ஆய்வு 1988இல் வந்தது, 17,187 பேர். வயது வாரியாக, நோய் வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள் என்று அதை வெளியிட்ட மருத்துவப் பத்திரிகைக்காரர்கள் நச்சரித்திருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டுக்காரர்கள் குறும்பாக ராசி வாரியாகவும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் லேசான கெடுதல், மிச்சப் பத்து ராசிக்கும் பிரமாதம்! எண்களை இஷ்டத்துக்கு வெட்டினால் எதை வேண்டுமானாலும் காட்டும் என்ற நக்கல் அது. நீ மிதுனம். ஆனால் அது சூரியன் நின்ற ராசி, நமக்குச் சந்திரன் என்று நீ சட்டம் பேசுவாய். பேசு. ரத்தம் நீர்க்கவைக்கும் இரண்டு மாத்திரையையும் விடாமல் போடுவதாகச் சத்தியம் பண்ணியிருக்கிறாய். உன் சத்தியம் எனக்குத் தெரியும், தங்கபுஷ்பத்துக்கும் தெரியும். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கோமு. டாக்டர் சொல்லாமல் அதில் ஒன்றை விட்டால் அந்தக் கம்பிக்குள்ளேயே ரத்தம் உறைந்து மொத்தமாக அடைத்துவிடலாம். இதில் விளையாட்டே வேண்டாம்.

மருந்து ஆராய்ச்சிப் பிரிவில் 22 வருடம் குப்பை கொட்டினேனே, அதில் பாதி மாத்திரை எண்ணியதுதான். பொள்ளாச்சிக்கு அப்பால் ஒரு தாத்தா. 30 மாத்திரை கொடுத்துவிட்டு 28 நாள் கழித்துப் போனால் சரியாக 2 மிச்சம் இருக்கும். ஏழு மாதம் அப்படித்தான். மற்றவர்களிடம் அவரைத்தான் உதாரணம் காட்டுவேன். ஒருமுறை மறுநாள் பஸ் ஓடாது என்று ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டேன். திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு மாத்திரையாக அட்டையிலிருந்து கட்டைவிரலால் அழுத்திச் சொம்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். டொப், டொப். என்னைப் பார்த்ததும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து நின்றார். "ரெண்டு இருக்குதுன்னா எத்தனை சந்தோசமாப் போறே கண்ணு, அதை ஏன் கெடுப்பானேன்னுதான்" என்றார். கால் குடைகிறது என்று முதல் மாதமே விட்டுவிட்டாராம். அவருக்கு வந்தது மருந்தா டம்மியா என்று எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடே. ஏழு படிவத்தில் 100 சதவீதம் என்று போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தேன். எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன். அவர் சிரித்துக்கொண்டே பொய் சொன்னார் என்பதைவிட, ஏழு மாதத்தில் ஒருநாள்கூட "கால் எப்படி இருக்கு தாத்தா" என்று நான் கேட்கவில்லை என்பதுதான் இப்போதும் உறுத்துகிறது.

சரி. காரணம் சொல்கிறேன்.

தை மாதம் அன்று சாயங்காலம் எனக்குத்தான் முதலில் போன் பண்ணினாய். தாடை இழுக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, சாப்பிட்டது நெஞ்சுக்குழியிலேயே நிற்கிறது என்றாய். நான் என்ன சொன்னேன்? "கேஸ்டி. ஓமத்தைக் கசக்கி வெந்நீர்ல போட்டுக் குடிச்சிட்டுப் படு." சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன். தாடைவலி உண்டா, வியர்வை உண்டா என்று எத்தனையோ பேரிடம் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டவள் நான். உன் வீட்டுக்காரர் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் 108ஐக் கூப்பிடச் சொல்லியிருப்பேன். நீ பெண்பிள்ளை, அதிலும் கோமு, எப்போதும் வாயு வாயு என்று புலம்புகிறவள். ஒன்பது மணிக்குச் செல்வி வந்து பார்க்கும்வரை நாலு மணி நேரம் ஓமத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிடந்திருக்கிறாய். அந்த நாலு மணி நேரத்தில் போன தசை திரும்பி வராது. நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோதுகூட "உன் ஓமத்தண்ணி நல்லா வேலை செஞ்சுதுடி" என்று சிரித்தாய். அதற்கப்புறம் எனக்குப் பேனா ஓடவில்லை. நாலு தடவை தொடங்கி நாலு தடவை கிழித்தேன்.

அதனால்தான் மாத்திரை விஷயத்தில் இவ்வளவு கத்துகிறேன். இரண்டாவது தடவையும் நான் புளி கரைத்துக்கொண்டிருக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை செல்வியோடு டாக்டரிடம் போ. கால்வலியைச் சொல், நிறுத்தியதையும் சொல். திட்டினால் வாங்கிக்கொள். மறுபடி தொடங்கச் சொன்னால், ஒரு நோட்டு போட்டு தினமும் கால் எப்படி என்று பத்துக்கு மார்க் எழுது. நிஜ மார்க், டீச்சர் போடும் கருணை மார்க் வேண்டாம்.

14ஆம் தேதி வருகிறேன், எண்ணுவதற்கு. தங்கபுஷ்பமும் வருகிறாள், அவளுக்கு அந்த ஊறுகாய்க் கணக்கு இன்னும் தீரவில்லையாம். நாங்கள் ஒரு நாள் முன்னதாக வந்தாலும் வருவோம்.

உன்,
ராஜி