ஜாமீனில் வருபவருக்கும் மறுவாழ்வு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறைவாசிகள் மறுவாழ்வு என்றாலே தண்டனை முடிந்து வருகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் 2022 முடிவில் நாடு முழுக்கச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். இவர்கள் வெளியே வந்த பிறகு எப்படிப் பிழைப்பார்கள் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

தண்டனைக் கைதிக்காவது உள்ளே தறி, தையல், பேக்கரி என்று ஏதோ ஒரு தொழில் கிடைக்கிறது, கொஞ்சம் கூலி சேர்கிறது, எப்போது விடுதலை என்பதும் ஓரளவு தெரியும். விசாரணைக் கைதி ஆறேழு மாதம் புழலிலோ பாளையங்கோட்டையிலோ கிடந்துவிட்டு, திடீரென்று ஒருநாள் ஜாமீன் உத்தரவு வந்து சேர்ந்ததும் வெறுங்கையோடு வெளியே வருகிறார். செல்போன் வழக்குச் சொத்தாக முடங்கியிருக்கும், பார்த்த வேலைக்கு வேறு ஆள் வந்திருப்பார், வாடகை கொடுக்க முடியாமல் மனைவி பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருப்பார். எங்கள் பகுதியில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பிக்கு இப்படித்தான் ஆனது. அப்புறம் நிபந்தனை வேறு, தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சரக்கு ஏற்றும் நேரத்தில் ஸ்டேஷனில் நிற்கிறவரை எந்த ஓனர் வண்டிக்கு வைத்துக்கொள்வார்? சிலருக்கு வேறு ஊரில் தங்கிக் கையெழுத்துப் போடச் சொல்லி உத்தரவாகிறது, கூலி வேலை செய்கிறவர் அந்த ஊரில் எங்கே தங்குவார், எதைச் சாப்பிடுவார்?

ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழைகளுக்கு 40,000 ரூபாய் வரை உதவும் திட்டத்தை மத்திய அரசு 2023இல் கொண்டுவந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டாலே (ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக) ஜாமீனில் விட வழி செய்கிறது. இரண்டுமே நல்லவை, மனதார வரவேற்கிறேன். ஆனால் இரண்டும் சிறை வாசல் வரைதான் வருகின்றன.

பெரிய நிதி எதுவும் கேட்கவில்லை. சிறைக்கு வந்து போகும் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர்கள், ஜாமீன் கிடைத்ததோடு வழக்குக் கட்டை மூடிவிடாமல், ஜாமீனில் வந்தவர் வேலைக்குப் போகிறவர் என்பதைச் சொல்லிக் கையெழுத்தை மாலை நேரத்துக்கோ வாரம் ஒருமுறைக்கோ மாற்றக் கேட்டு மனு போட வேண்டும். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்கு உள்ளே இருக்கும்போதே அவற்றை எடுத்துக் கொடுக்க மாவட்ட நிர்வாகம் சிறைக்குள் முகாம் நடத்த வேண்டும். விசாரணைக்குத் தேவைப்படாத செல்போனையும் ஓட்டுநர் உரிமத்தையும் சீக்கிரம் திருப்பித் தர வேண்டும், அவை இல்லாமல் இன்று ஒருநாள் சவாரிகூடக் கிடைக்காது.

வாசகர், பாளையங்கோட்டை