சங்கக் கூடத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

பெங்களூர் அல்சூரில் உள்ள நம் முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்தின் திருப்பணி முடிந்தது. கோயில் வேலைக்குத்தானே அந்தச் சொல் என்று பொதுக்குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். கூடத்தின் ஈசான மூலையில் முன்னோர் நட்ட வேல் இருக்கிறது. அதற்குப் புது மாடமும் கட்டியாயிற்று. அது இல்லாவிட்டாலும், கணவரை இழந்து இங்கே உதவி தேடி வரும் தாய்மார்களுக்காகச் செய்த வேலையை வேறு பெயரிட்டு அழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

செலவில் பாதிக்கு மேல் கூரைக்கே போயிற்று. ஓட்டைப் பிரித்த பிறகுதான் கைமரங்களைக் கரையான் அரித்திருப்பது தெரிந்தது. முதலில் பேசிய மேஸ்திரி முன்பணம் வாங்கியதோடு சரி, திரும்ப வரவில்லை. அந்த நஷ்டத்தைக் கணக்கில் தனி வரியாகக் காட்டியிருக்கிறோம். பிறகு வேலையை எடுத்துச் செய்தவர்கள், ராணுவத்தின் பொறியியல் படையில் பணிபுரிந்த நம் சேப்பர்கள்தாம். பட்டாளத்தில் தச்சராக இருந்த, எழுபது கடந்த ஹவில்தார் ஒருவர், மகள் தடுத்தும் கேட்காமல் சாரத்தில் ஏறினார். ஒவ்வொரு மரத்தையும் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே நல்லது எது, உளுத்தது எது என்று பிரித்துக் கொடுத்தார். 1780-ல் தொடங்கி 1834 முதல் இந்த ஊரில் நிலைகொண்டிருக்கும் மதராஸ் சேப்பர்ஸ் படையின் கை அது.

வெள்ளை அடித்ததும் சுபேதார் சுப்பிரமணியன் படத்தைப் பழைய இடத்திலேயே மாட்டினோம். 1944-ல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் பாய்ந்து உடனிருந்தவர்களைக் காத்து உயிர்விட்டவர். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்றவர்.

இத்தனை செலவுக்கும் அரசிடம் கேட்டிருக்கலாமே என்று பலர் கேட்டீர்கள். நாம் நாடும் மானியங்கள் தனி ஆள் பேரில் வருபவை. சங்கக் கட்டடத்துக்கு வராது. அதனால் கூடத்தை நம் சந்தாவிலும் நன்கொடையிலும் புதுப்பித்தோம். வரவேண்டிய பணம் வீடுகளுக்கு வந்து சேர, ஒரு மேசையும் கணினியும் வைத்த உதவி அறையைக் கூடத்தில் அமைத்தோம். வாசற்படியை இடித்துச் சாய்தளம் போட்டதும் அந்த அறைக்காகத்தான்.

டிசம்பர் 7 கொடி நாளில் உண்டியலில் விழும் காசும் சேர்ந்ததுதான் படைவீரர் கொடி நாள் நிதி. ஹவில்தார் பதவியில் இருந்தவர்களும் அதற்குக் கீழ்ப்பட்டவர்களும் அவர்கள் குடும்பமும் அதிலிருந்து உதவி பெறலாம். பதினைந்து வருடச் சேவை முடியாமல் வந்ததால் ஓய்வூதியம் இல்லாதவர்களும், அவர்களை இழந்த மனைவியரும் 65 வயதைக் கடந்து வறுமையில் இருந்தால், மாதம் 4,000 ரூபாயாக இருந்த உதவி இப்போது 8,000. இரண்டு பிள்ளைகள் வரை படிப்புக்குத் தலைக்கு மாதம் 2,000, இரண்டு மகள்கள் வரை கல்யாணத்துக்குத் தலைக்கு ஒரு லட்சம். 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு இந்தத் தொகை.

ஆனால் காகிதம் சரியாக இருக்க வேண்டும். அறை திறந்த வாரமே ஓர் அம்மா, வெள்ளை எழுத்தில் கணவரின் நம்பர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்தார். உள்ளே வேட்டித் துணியில் சுற்றிய டிஸ்சார்ஜ் புக், அதாவது படையிலிருந்து விடுபடும்போது தரும் சேவைப் புத்தகம். அதில் அவர் பெயர் ‘முனியம்மா’, ஆதாரில் ‘முனியம்மாள்’. கடைசி ஓர் எழுத்துக்காக எத்தனையோ தடவை அலைந்திருக்கிறார். ஆன்லைனில் இருந்த படிவமும் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அவருக்கு எட்டவில்லை. “எனக்கு என் பேரு தெரியாதாப்பா?” என்று அவர் கேட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பெயர் திருத்தத்துக்கான உறுதிமொழிப் பத்திரத்தை அன்றே எழுதி, படைவீரர் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு அனுப்பினோம். பதில் வந்ததும், முன்னாள் படைவீரர் நலன் பார்க்கும் ஜில்லா சைனிக் அலுவலகத்துக்கு நாங்களே உடன் போகிறோம்.

பின்பக்க மழைநீர்க் குழாய் மட்டும் பாக்கி. அடுத்த மழைக்குள் போட்டுவிடுவோம். வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு கூடத்தில் இருக்கிறது, யாரும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

உதவி அறை செவ்வாயும் வெள்ளியும் காலையில் திறந்திருக்கும். டிஸ்சார்ஜ் புக், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றும் அசலாக வேண்டும். எது எங்கே என்று தெரியாவிட்டால் பெட்டியோடு வாருங்கள்; தேடி எடுப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு