பழைய ஹையேஸ் வானில் றேடியோச் செற் பொருத்தியது பற்றிய புகார்

ஒட்டுசுட்டான்,
முல்லைத்தீவு மாவட்டம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

விடயம்: 1996ஆம் ஆண்டு டொயோட்டா ஹையேஸ் வானில் உங்கள் வவுனியாக் கிளை பொருத்திய அண்ட்ரொயிட் செற், வெட்டப்பட்ட சொக்கற்றுகள், பழுதான பற்றரி, மறுக்கப்பட்ட உத்தரவாதம்

ஐயா / அம்மணி,

உங்கள் வவுனியாக் கிளையில் 45,000 ரூபாய் கொடுத்து ஏழு அங்குலத் திரையில் றேடியோவும் ரிவர்ஸ் கமராப் படமும் வருகிற அண்ட்ரொயிட் செற் ஒன்றை வாங்கினேன். பொருத்தியதும் அங்கேயேதான். அன்றிலிருந்து வானுக்கு வந்த கோளாறுகளைத் தொலைபேசியில் சொன்னேன், நேரே போயும் சொன்னேன். முதன்மையாகக் கிடைத்த பதில், “உங்கட வான் பழசு, வயரிங்கும் பழசு, அதுக்கு நாங்கள் பொறுப்பில்லை” என்பதுதான். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. உங்கள் கிளைக்குள் போகும்வரை அந்த வானின் வயரிங்கில் ஒரு குறையும் இருந்ததில்லை. ஏன் அப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

வான், டொல்பின் என்று எல்லோரும் சொல்கிற எல்எச் 113 மொடல். காலையிலும் மதியத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். மிச்ச நேரம் ஹயர். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா, இடையில் கலியாண வீடு, செத்த வீடு, யாழ்ப்பாண ஆஸ்பத்திரி என்று எல்லாம் இந்த வான்தான். புதிதாக ஒன்று வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வான்களின் விலையே எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆகவே இருப்பதைப் பார்த்துப் பார்த்துப் பராமரிக்கிறோம். உங்கள் விளம்பரத்தில் “பழைய டொயோட்டா வாகனங்களுக்கும் வயர் வெட்டாமல் பொருத்தித் தரப்படும்” என்று இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியாவுக்கு வந்தேன். ஊரிலேயே இதைவிடக் குறைந்த விலைக்குப் பொருத்த ஆட்கள் இருக்கிறார்கள்.

பழைய செற்றை மாற்றக் காரணம் இருந்தது. அது யப்பானில் இருந்து வானோடு வந்த கசற் செற். அந்தக் காலத்தில் யப்பானில் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் இருந்தது. இங்கே 87.5இல் தொடங்கி 108 வரை போகிறது. சூரியன், சக்தி வானொலிகள் எல்லாம் 100க்கு மேலே. அதனால் யப்பான் செற்றுகளுக்குப் பின்னால், அலைவரிசையை இறக்கிக் கொடுக்கும் ஒரு கன்வேட்டர் பெட்டியைப் பூட்டித்தான் இங்கே பாட்டுக் கேட்போம். அந்தப் பெட்டியும் இரைச்சல் போடத் தொடங்கியிருந்தது. ஆனால் முதன்மையான காரணம் ரிவர்ஸ் கமரா. பள்ளிக்கூட வாசலில் வானைப் பின்னுக்கு எடுக்கும்போது பின்னால் சின்னப் பிள்ளைகள் நிற்பார்கள். பின் கண்ணாடியில் அவர்களின் தலை தெரியாது. பூட்டியிருந்த வரைக்கும் கமரா நன்றாக வேலை செய்தது, படமும் தெளிவு. இதையும் எழுதத்தான் வேண்டும்.

இனிப் பிரச்சினைக்கு வருகிறேன்.

டொயோட்டா செற்றின் பின்னால் வயர்களைச் செருகும் இரண்டு சொக்கற்றுகள் இருக்கும். ஒன்று பத்துப் பின் (ஊசி முனை) உள்ளது, மற்றது ஆறு பின் உள்ளது. பத்துப் பின்னில் கரண்ட், ஏர்த், டாஷ்போட் லைற், முன் ஸ்பீக்கர்கள் வரும். ஆறு பின்னில் பின்பக்க ஸ்பீக்கர்கள். 1980களின் கடைசியில் இருந்து டொயோட்டா தன் வாகனங்களில் இதையே போட்டு வந்தது. இதற்குப் பொருந்துகிற மாற்று வயர், ஒரு பக்கம் டொயோட்டா சொக்கற்றும் மறுபக்கம் புதிய செற்றின் சொக்கற்றுமாக, பரவலாகக் கிடைக்கிற சாமான். விலையும் அதிகமில்லை. அதைச் செருகினால் ஒரு வயரையும் தொடத் தேவையில்லை. நாளைக்குச் செற்றைக் கழற்றினாலும் வான் பழையபடியே இருக்கும்.

உங்கள் பொருத்துநர் அந்த இரண்டு சொக்கற்றுகளையும் அடியோடு வெட்டி எறிந்துவிட்டார். வேலை செய்யும் இடத்துக்குள் வாடிக்கையாளர் வரக்கூடாது என்று பலகை போட்டிருக்கிறீர்கள், நான் வெளியில் இருந்தேன். கூப்பிட்டுக் காட்டியபோது திரை எரிந்தது, பாட்டுப் படித்தது, டாஷ்போட்டும் மூடியிருந்தது. உள்ளே என்ன நடந்தது என்பது, பற்றரி இறங்கத் தொடங்கி ஊரில் வயரிங் செய்கிற அண்ணையிடம் கொண்டு போன பிறகுதான் தெரிந்தது. முறுக்கிய வயர்களின் மேல் இன்சுலேஷன் ரேப் சுற்றியிருந்தது. எங்கள் வெயிலுக்கு அதன் பசை உருகி, சில முடிச்சுகளில் செம்பு வெளியே தெரிந்தது. வெட்டிய சொக்கற்றுகளைக் கேட்டு உங்கள் கிளைக்குத் தொலைபேசி எடுத்தேன். குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். எந்த விளம்பரத்தை நம்பி வந்தேனோ அந்த விளம்பரத்துக்கு நேர் எதிரான வேலை இது.

அடுத்தது பற்றரி. இப்படியான செற்றுக்கு இரண்டு கரண்ட் வயர்கள் உண்டு. மஞ்சள் வயர் எந்த நேரமும் கரண்ட் இருக்கும் கோட்டில் போகவேண்டும், செற்றின் நினைவுக்காக. சிவப்பு வயர் சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் கோட்டில் போகவேண்டும். சாவியை எடுத்ததும் செற் தூங்குவது அந்தச் சிவப்பு வயரால்தான். டொயோட்டா வயரிங்கில் இதற்கென்று தனித்தனி வயர்கள் இருக்கின்றன. நீலத்தில் மஞ்சள் கோடு போட்டது எந்த நேரமும் கரண்ட் இருப்பது, சாம்பல் நிறம் சாவியோடு வருவது. உங்கள் பொருத்துநர் இரண்டையும் பாவிக்கவில்லை. மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி, புதிதாக ஒரு வயர் இழுத்து, நேரே பற்றரியில் கொடுத்திருக்கிறார். இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது, “அண்ணை, பழைய வான்தானே, நேரா பற்றரியில குடுத்தாத்தான் செற் நல்லா வேலை செய்யும்.”

இதன் விளைவைக் கணக்குப் பார்த்தால் எவருக்கும் விளங்கும். சாவி கையில் இருக்க, செற் திரையும் அணைந்திருக்க, மல்ரிமீற்றர் வைத்து அளந்தால் 0.8 அம்பியர் ஓடுகிறது. நிறுத்தி வைத்த வாகனத்தில் 0.05 அம்பியருக்கு மேல் ஓடக்கூடாது என்பது வயரிங் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த பொது அளவு. வெள்ளிக்கிழமை மதிய ஓட்டம் முடித்து வானை நிற்பாட்டினால் திங்கட்கிழமை விடியும்வரை ஏறக்குறைய 64 மணித்தியாலம். 0.8 அம்பியர்ப்படி அது 51 அம்பியர் மணி. என் பற்றரி 70 அம்பியர் மணி. மிச்சம் இருப்பதை வைத்து ஹீற்றர் பிளக்கைச் சூடாக்கி ஒரு டீசல் இன்ஜினைச் சுற்ற முடியாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வானைத் தள்ள வேண்டியிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனார்கள். தாய்மார் என்னிடம் கேட்டார்கள், என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்படித் திரும்பத் திரும்ப அடிவரைக்கும் இறங்கிய பற்றரி இப்போது சார்ஜ் பிடிப்பதே இல்லை. பொருத்துவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்தான் அதைப் புதிதாகப் போட்டிருந்தேன். அதன் பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்திருக்கிறேன்.

பற்றரி என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சின்ன விடயம் இல்லை. யுத்த நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோச் பற்றரிகூட வன்னிக்குள் வரவிடமாட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் றேடியோச் செய்தி கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இருக்கிற கரண்டை வீணாக்காமல் பாவிக்க எங்களுக்குத் தெரியும். செற்றை அணைக்காமல் விட்டிருப்பீர்கள் என்று உங்கள் கிளையில் சொன்னது எனக்கு மிகவும் மனவருத்தமாக இருந்தது.

இதைவிடப் பாரதூரமானது பியூஸ். பற்றரியில் இருந்து இழுத்த அந்த வயரில், பற்றரிப் பக்கம் பியூஸே இல்லை. செற்றோடு வந்த வயரில் செற்றுக்குக் கிட்ட ஒரு பியூஸ் இருக்கிறது, அது செற்றைக் காப்பாற்றும். பற்றரிக்கும் டாஷ்போட்டுக்கும் இடையில் வரும் வயரை எது காப்பாற்றும்? டொல்பினில் இன்ஜின் முன் ஆசனங்களுக்குக் கீழே இருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வயர் இன்ஜின் மூடியின் ஓரத்தோடு, ஒரு கிளிப்பும் இல்லாமல், தகரத்தில் உரசிக்கொண்டு போயிருந்தது. வெப்பத்திலும் உரசலிலும் மேலுறை தேய்ந்து செம்பு தகரத்தில் முட்டினால், பற்றரியில் உள்ள முழுக் கரண்டும் அந்த மெல்லிய வயருக்குள்ளால் பாயும். வயர் சிவந்து எரியும்வரை அதை நிறுத்த ஒன்றும் இல்லை. அந்த ஆசனத்துக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. வயரிங் அண்ணை அதைக் கண்ட உடனேயே பற்றரிப் பக்கம் கழற்றிவிட்டார். அன்றிலிருந்து செற்றும் இல்லை, கமராவும் இல்லாமல்தான் ஓடுகிறேன்.

மிச்சக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். றேடியோ 90க்கு மேலே போவதில்லை, ஏனென்றால் செற்றுக்குள் நாடு ‘யப்பான்’ என்று போடப்பட்டிருக்கிறது. வான்தான் யப்பானில் இருந்து வந்தது, ஓடுவது முல்லைத்தீவில். அதை மாற்ற ஒரு இரகசிய இலக்கம் வேண்டுமாம். தொலைபேசியில் கேட்டால் செற்றைக் கிளைக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். பின் ஸ்பீக்கர் ஒன்றின் கூட்டலும் கழித்தலும் மாறிக் கிடக்கிறது. அதனால் ஒன்றின் தாழ்ந்த ஒலியை மற்றது அழிக்க, மிருதங்கம் தகரம் தட்டுவது போலக் கேட்கிறது. டாஷ்போட்டில் டொயோட்டா விட்ட இடம் 200 மில்லிமீற்றர் அகலம், உங்கள் செற் 180. இரண்டு பக்கமும் வரும் பத்து மில்லிமீற்றர் இடைவெளிக்குப் பிளாஸ்டிக் துண்டு போடாமல் ஸ்பொஞ்சும் சிலிக்கனும் அடைத்திருக்கிறார்கள். கிரவல் வீதிப் புழுதி முழுக்க அதற்குள்ளால் போகிறது. பெட்டியில் ‘நான்கு ஸ்பீக்கருக்கும் 60 வாட்’ என்று அச்சிட்டிருப்பதையும் கவனியுங்கள். 14.4 வோல்ட்டில், நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு, செற்றுக்குள் இருந்து சத்தத்தைக் கூட்டும் அம்ப் சுத்தமாகக் கொடுக்கக்கூடியது 25 வாட்டைச் சுற்றித்தான். சத்தம் எனக்குப் போதும், அதற்காக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உண்மையான எண்ணை அச்சிடுங்கள்.

உத்தரவாதம் செல்லாது என்பதற்கு உங்கள் கிளை சொன்ன இரண்டாவது காரணம், வெளியாள் கைவைத்துவிட்டார் என்பது. செற்றின் பின்னால் நீங்கள் ஒட்டிய முத்திரை கிழியாமல் அப்படியே இருக்கிறது. வயரிங் அண்ணை பற்றரியிலும் வயரிலும் அளந்தாரே தவிர, செற்றைத் திறக்கவில்லை. டாஷ்போட்டைக் கழற்றியதில் இருந்து ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படங்களை இறுவட்டில் அனுப்புகிறேன். முறுக்கிய மஞ்சள், சிவப்பு வயர்களும், பியூஸ் இல்லாத பற்றரி முனையும், மீற்றர் காட்டிய அளவும் அதில் தெளிவாகத் தெரியும். வயரிங் பழசு என்ற காரணமும் நிற்காது. பழுதான இடங்கள் எல்லாம் உங்கள் ஆள் புதிதாகப் போட்ட வயரிலும் அவர் சுற்றிய முடிச்சுகளிலும்தான் இருக்கின்றன. 1996இல் டொயோட்டா போட்ட வயர்களில், சாம்பல் நிறத்தில் சாவி திருப்பினால் கரண்ட் வருகிறது, எடுத்தால் நிற்கிறது. நீல மஞ்சளில் எந்த நேரமும் வருகிறது. இரண்டும் பியூஸ் பெட்டிக்குள்ளால்தான் வருகின்றன.

நான் கேட்பது இதுதான். வெட்டிய பத்துப் பின், ஆறு பின் சொக்கற்றுகளை, அதே நிற வயர்களுக்கு ஈயம் வைத்து ஒட்டி, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டுத் திரும்பப் பொருத்தித் தாருங்கள். செற்றை மாற்று வயர் வழியாக அவற்றில் செருகுங்கள். பற்றரியில் இருந்து இழுத்த வயரை முழுதாக எடுத்துவிடுங்கள். றேடியோவின் நாட்டை மாற்றி, ஸ்பீக்கரைத் திருத்தி, பக்கத் துண்டுகளையும் போட்டுத் தாருங்கள். பழுதான பற்றரிக்குப் பதில் அதே அளவில் புதியது ஒன்று தரவேண்டும். இந்த வேலை ஒட்டுசுட்டானுக்கு வந்து செய்யப்படவேண்டும், நான் பார்த்துக்கொண்டிருக்கச் செய்யப்படவேண்டும். வவுனியாவுக்குத் திரும்ப வந்தால் எனக்கு ஒரு நாள் ஓட்டம் போய்விடும், பிள்ளைகளுக்கு வேறு வானும் இல்லை. இவற்றைச் செய்ய விருப்பமில்லை என்றால் செற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு 45,000 ரூபாயையும், பற்றரியின் விலையையும், சொக்கற்றுகளைத் திரும்பப் போடும் கூலியையும் தாருங்கள்.

ஒன்றை வற்புறுத்திக் கேட்கிறேன். அதே கிளையில் அதே விதமாக வேறு பழைய வாகனங்களுக்கும் பொருத்தியிருப்பீர்கள். பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் அவர்களின் தொலைபேசி இலக்கங்கள் இருக்கும். அவர்களைக் கூப்பிட்டு, பற்றரிப் பக்கம் பியூஸ் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். என் நட்டஈட்டுக்கு முன்னர் அதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுவேன். வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறையிடவேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் காலம் இன்னும் முடியவில்லை.

இணைப்பு: செற்றுக்கும் பொருத்தியதற்குமான பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, பற்றரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகள், விளம்பரத் துண்டு, படங்கள் அடங்கிய இறுவட்டு.

என் தொலைபேசி இலக்கம் பற்றுச்சீட்டில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குப் பிறகு எடுங்கள். அதற்கு முன் பிள்ளைகளோடு வீதியில் நிற்பேன், ஓடும்போது தொலைபேசி எடுப்பதில்லை.

இப்படிக்கு,
வான் உரிமையாளரும் சாரதியும்