பின்பாரம்

கோபி

அம்மிணி,

நீ அனுப்பின படகுப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1957-இல் செய்த மரப்படகு, 14 அடி நீளம், ஒரு பலகையின் விளிம்பு மேல் இன்னொன்று ஏறி நிற்கிற பக்கங்கள். இத்தனை வருஷம் ஆகியும் வளைவு கெடவில்லை. செய்த ஆசாரி நல்ல கைக்காரர். அதை மறுபடி தண்ணீரில் இறக்க நீ ஆசைப்படுவது எனக்கும் சந்தோஷம். ஆனால் மாப்பிள்ளை 40 ஹெச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அட்வான்ஸ் கட்டப்போகிறார் என்று எழுதியிருந்தாய் பார், அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே வெசனம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவருக்கும் படித்துக் காட்டு.

நம்ம பக்கம் பவானிசாகரில் பரிசலுக்கு எஞ்சின் இல்லை, துடுப்புதான். அதனால் அப்பாவுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று மாப்பிள்ளை நினைக்கலாம். கோயமுத்தூர் கணபதியில் பட்டறை வைத்து மோட்டாரோடும் பம்போடும் காலம் தள்ளியவன் நான். எடை எங்கே உட்கார்ந்தால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். படகின் பின்னால் வெளியே மாட்டுகிற இந்த அவுட்போர்டு எஞ்சின் கணக்குகளையும் நீ சொன்ன நாளிலிருந்து தேடித்தேடிப் படித்திருக்கிறேன்.

கோயமுத்தூரில் மோட்டார் என்றால் முதல் கேள்வி "எத்தனை ஹெச்.பி.?" என்பதுதான். கிணற்று மேட்டில் அது சரியான கேள்வி. கான்கிரீட் திட்டில் போல்ட் போட்டு இறுக்கின மோட்டார் ஐம்பது கிலோ இருந்தால் என்ன, நூறு கிலோ இருந்தால் என்ன? படகில் எஞ்சின், பின்பக்கத்தை அடைத்து நிற்கிற பின்பலகைக்கும் வெளியே தொங்குகிறது. அங்கே முதலில் கிலோவைக் கேட்க வேண்டும், ஹெச்.பி. அதற்குப் பிறகு.

உன் அப்பாரு கவுந்தப்பாடி சந்தைக்கு நாட்டுச்சர்க்கரை மூட்டை ஏற்றுவதை நீ பார்த்ததில்லை. எத்தனை மூட்டை என்பதைவிட எந்த மூட்டை எங்கே என்பதில்தான் அவர் கண் இருக்கும். பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும், மாடு இழுக்கத் திணறும். ரெண்டு மூட்டையை முன்னால் தள்ளிவிட்டால் அதே பாரம் அதே மாட்டுக்கு லேசாகிவிடும். படகிலும் எடையை மட்டும் பார்த்தால் போதாது. படகின் நடுவிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். நடுவில் வைத்த ஐம்பது கிலோ படகை மொத்தமாகக் கொஞ்சம் இறக்கும், அவ்வளவுதான். அதே ஐம்பது கிலோ பின்பலகையில் தொங்கினால் பின்புறத்தை அமுக்கி மூக்கைத் தூக்கிவிடும்.

உன் படகு பிறந்த காலத்தில் அவுட்போர்டு எஞ்சின் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். சிலிண்டர் தலையில் வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது, தனியாக ஆயில் சம்ப் கிடையாது. ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றினார்கள். அன்றைய எவின்ரூட், ஜான்சன் கம்பெனிகளின் 18 ஹெச்.பி. எஞ்சின் எல்லாம் 40 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். குடித்த பெட்ரோலில் நாலில் ஒரு பங்கு வரைக்கும் அவை எரிக்காமலே வெளியே தள்ளின. அதனால் நீ இருக்கிற அமெரிக்காவில் 1996-இல் புகை விதி கொண்டுவந்து, 1998 முதல் 2006 வரை படிப்படியாக இறுக்கினார்கள். ஏரிக்கும் மீனுக்கும் அது நல்லது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக் வந்தபோது எடையும் கூடவே ஏறியது. இன்றைக்கு 40 ஹெச்.பி. என்றால் 97, 98 கிலோ. செல்ஃப் ஸ்டார்ட்டுக்கு ஒரு பேட்டரி, அது ஒரு 20 கிலோ. ஆறு கேலன் டேங்கில் பெட்ரோலே 17 கிலோ. கைப்பிடியில் திருப்புகிற எஞ்சினாக இருந்தால் ஓட்டுகிற மாப்பிள்ளையும் கடைசிப் பலகையில்தான் உட்கார வேண்டும். கூட்டிப் பார். இருநூறு கிலோவுக்கு மேல், அத்தனையும் பின்னாலேயே.

ஸ்டிக்கரில் இருக்கிற ஹெச்.பி.யைப் பார்த்து எடையை ஊகிக்கவும் முடியாது. மெர்க்குரி கம்பெனியில் 15-க்கும் 20-க்கும் ஒரே உடம்பு. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற, குட்டை ஷாஃப்ட் (புரொப்பல்லருக்கு இறங்குகிற தண்டு) மாடல் 45 கிலோதான். அதனால் அங்கே 15 வாங்கி எடையில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. சுசுகியில் 40, 50, 60 மூன்றுக்கும் ஒரே பிளாக். நாற்பது வாங்குகிறவர் அறுபதின் உடம்பைச் சுமக்கிறார். எனக்கு இதுதான் மனதுக்கு ஒப்பவில்லை. 20-க்கும் 40-க்கும் நடுவில் ஐம்பது கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது.

இன்னொரு கணக்கு. 1972 நவம்பர் 1-க்குப் பிறகு அமெரிக்காவில் செய்த சின்னப் படகுகளில், எத்தனை ஹெச்.பி. தாங்கும், ஆளும் எஞ்சினும் சாமானும் சேர்த்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று ஒரு தகடு அடித்திருக்கும். உன்னுடையது அதற்கு முந்தின படகு, தகடு இருக்காது. ஆனால் அந்த விதியின் கணக்கை நாமே போடலாம். நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடியில் பெருக்க வேண்டும். படத்தைப் பார்த்து அகலம் நாலு அடி என்று வைத்துக்கொள்கிறேன்: பதினாலு தரம் நாலு, 56. கைப்பிடியில் திருப்புகிற எஞ்சின், தட்டையாக இல்லாத அடி என்றால் அதை 0.8-ஆல் பெருக்கி 25-ஐக் கழிக்க வேண்டும்: 19.8, அதாவது 20 ஹெச்.பி. ஸ்டீயரிங் சக்கரமும் இருபது அங்குல உயரப் பின்பலகையும் இருந்தால் ரெண்டால் பெருக்கி 90-ஐக் கழிக்கலாம்: 22. ஐந்தின் மடங்குக்கு ஏற்றினாலும் 25-ஐத் தாண்டாது. எப்படிப் போட்டாலும் நாற்பது வரவில்லை, அம்மிணி. அதுவும் இது அதிகபட்சக் கணக்கு. வயசான மரத்துக்கு நான் அதையும் முழுசாகக் கொடுக்க மாட்டேன்.

பின்பாரம் ஏறினால் வேகம் கிடைக்காமல் போவது சின்ன விஷயம். மூக்கு தூக்கி நிற்கும்போது ஓட்டுகிறவருக்கு முன்னால் நீந்துகிற ஆள் தெரியாது, அது பெரிய விஷயம். அதைவிடப் பெரியது படகு நிற்கிற நேரம். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று திராட்டிலைக் குறைத்தால், படகு எழுப்பின அலையே பின்னால் துரத்திக்கொண்டு வந்து ஏறும். அந்தக் காலத்துப் படகுகளில் எஞ்சின் மாட்டுகிற இடம் படகின் அடியிலிருந்து பதினைந்து அங்குல உயரம்தான் இருக்கும். நீ அனுப்பின படத்திலும் அப்படித்தான் தெரிகிறது. தண்ணீர் தடுக்க உள்ளே தனித்தொட்டியும் இல்லை. ஒரு அலை உள்ளே வந்தால் அந்தத் தண்ணீரும் பின்பக்கமே ஓடிச் சேரும், பின்புறம் இன்னும் இறங்கும், அடுத்த அலைக்கு வழி இன்னும் லேசாகும். நீங்கள் படகு விடப்போகிற மெண்டோட்டா ஏரி பரந்த ஏரி, காற்றடித்தால் அலை எழும்பும். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் என் பேரன் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஆகவே காசு கட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். இருபது லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்தால் இருபது கிலோ. படகைக் கரையோரம், இடுப்பளவு தண்ணீரில் கட்டிப்போட்டு, பின்பலகையை ஒட்டி 45 கிலோவுக்குக் கேன் வையுங்கள். நீங்கள் ரெண்டு பேரும் ஏறி அவரவர் இடத்தில் உட்காருங்கள். பையன் கரையில் இருக்கட்டும். அவன் எடைக்கு ஒரு கேன் போதும். தண்ணீர் மட்டத்திலிருந்து பின்பலகையின் தாழ்ந்த விளிம்பு எத்தனை அங்குலம் மேலே நிற்கிறது என்று யாராவது வெளியே நின்று அளக்கட்டும். பிறகு 98 கிலோவுக்கு ஏற்றி மறுபடி அளந்து பாருங்கள். நிஜ எஞ்சின் பலகைக்கு வெளியே தொங்குவதால் இதைவிடக் கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கும். படகை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு இதைச் செய்வது நல்லது. காய்ந்த மரம் வேறு, ஊறின மரம் வேறு.

பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டிக் கேள். கணீரென்று வந்தால் சரி. பொத்பொத்தென்று வருகிற இடத்தில் குத்தூசியை அழுத்திப் பார். போல்ட் துளையைச் சுற்றியும் அடி மூலையிலும்தான் மரம் முதலில் உளுக்கும். இத்துப்போயிருந்தால் எஞ்சின் பேச்சை விட்டுவிட்டுப் பலகையை மாற்று.

என் யோசனை 20 ஹெச்.பி., கயிறு ஸ்டார்ட், பதினைந்து அங்குல ஷாஃப்ட். புரொப்பல்லருக்கு மேலே இருக்கிற தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஒரு அங்குலம் கீழாகவோ வர வேண்டும். இருபது அங்குல ஷாஃப்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள், இந்தப் பலகைக்கு அது சேராது. பெட்ரோல் டேங்கை நடுப்பலகைக்கு முன்னால் வைத்து நீளமான ஹோஸ் போடுங்கள். செல்ஃப் ஸ்டார்ட்தான் வேண்டும் என்றால் பேட்டரியையும் முன்னால் தள்ளித் தடித்த கேபிள் இழுக்க வேண்டும். கைப்பிடிக்கு நீட்டுக் குழாய் ஒன்று கிடைக்கும். அதை மாட்டினால் மாப்பிள்ளை முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தே ஓட்டலாம். காசு குறைவு, பலன் அதிகம். எஞ்சினை நிறுத்துகிற கயிற்றை அவர் கையில் மாட்டாமல் கிளம்பக் கூடாது. மூன்று பேருக்கும் லைஃப் ஜாக்கெட்.

மாப்பிள்ளைக்கு வேகம்தான் வேண்டும் என்றால் அதற்கென்று வேறு படகு வாங்கட்டும், நான் தடுக்க மாட்டேன். இந்தப் படகுக்கு வேண்டாம் என்று மட்டும் மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன்.

பின்பலகையின் அகலம், உயரம், கனம், ரெண்டு தடவை அளந்த அங்குலம், இத்தனையும் எழுதி அனுப்பு. அது வந்து சேருகிற வரைக்கும் அட்வான்ஸ் கட்ட வேண்டாம். அம்மா சுகம். பையனிடம் அப்புச்சி கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா